அரிசியில் எழுதிய ஐந்து வரி

என் பெயருக்கு வரும் கடிதம் என் கைக்கு வரும்போது உறை கிழிந்துதான் இருக்கும். மருமகள் வாசித்துவிட்டு மேசையில் வைத்திருப்பாள். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டால், "ஒண்டுமில்லை மாமி, ஆஸ்பத்திரிக்கு வரட்டாம்" என்பாள். பக்கம் பக்கமாக எழுதியிருக்கும், ஆனால் ஒன்றுமில்லையாம். அவள் பொல்லாதவள் இல்லை. வேலைக்குப் போய் வந்து, சமைத்து, என் கடிதத்தையும் பார்க்கிறாள். ஆனாலும் என் உடம்பைப் பற்றி எனக்கு எழுதியதை எனக்கு முதல் இன்னொருவர் வாசிப்பதை என்னால் பொறுக்க முடியவில்லை. அதற்காகத்தான் இந்த வயதில் பிரெஞ்சு எழுத்துப் படிக்கப் போனேன்.

வகுப்பு பாரிஸ் லா சப்பலில், ரூ பிலிப்-து-ஜிராருக்குப் பக்கத்துச் சந்தில், ஒரு சங்கத்தின் மண்டபத்தில். வீடு இருக்கும் பியர்ஃபித்தில் ரயில் ஏறி, கார் து நோர் நிலையத்தில் இறங்கி நடப்பேன். அங்கேயுள்ள தமிழ்க் கடைக்காரர்களுக்கு என்னைத் தெரியும். எங்கே போகிறேன் என்று கேட்டால், பள்ளிக்கூடத்துக்கு என்று தெருவுக்கே கேட்கச் சொல்வேன். மரக்கறிக் கடைக்காரர் மட்டும் விடமாட்டார். "பாஸ் பண்ணினால் எங்களை மறந்துபோடாதேங்கோ அம்மா" என்பார்.

என் பக்கத்துக் கதிரையில் பிலிப்பைன்ஸ்காரப் பிள்ளை ஒருத்தி இருந்தாள். நாற்பது வயது இருக்கும். பகலில் பணக்கார வீடுகளைத் துடைத்துவிட்டு மாலையில் வகுப்புக்கு வருவாள். ஊரில் இங்கிலீஷில் படித்தவள், அதனால் எழுத்து அவளுக்குத் தெரியும். மொழிதான் தெரியாது. எனக்கு மொழி காதில் இருந்தது, எழுத்துத்தான் இல்லை. நான் சொல்லிக் கொடுப்பேன், அவள் எழுதிக் காட்டுவாள். ஒரு வருடம் அப்படியே போனது. அவளுடைய மொழியில் அம்மாவை நனாய் என்பார்களாம். என்னையும் நனாய் என்றே கூப்பிட்டாள்.

இரண்டாம் வருடம் வகுப்புத் தொடங்கிய கிழமையே ஆசிரியை எங்கள் எங்கள் நாட்டுக் கொண்டாட்டத்தைப் பற்றிப் பேசச் சொன்னார். அந்தப் பிள்ளை தன் ஊரில் செப்டெம்பரிலேயே யேசு பிறந்த நத்தார்க் கொண்டாட்டம் தொடங்கிவிடும் என்றாள். மூங்கிலை வளைத்து, கடதாசி ஒட்டி, நட்சத்திர விளக்குச் செய்து வாசலில் தூக்குவார்களாம். ஆசிரியை கையைத் தட்டினார். அவள் நிறுத்தவில்லை. பள்ளிக்கூடத்தில் வருடத்துக்கு ஒருமுறை ஊர் உடுப்புப் போட்டு, ஊர்ப் பாட்டுப் பாடி, ஊர் மொழியைக் கொண்டாடுவார்களாம். மற்ற நாட்களில் வகுப்பில் அதே மொழியில் ஒரு சொல் வாயில் வந்தாலும் தகரப் பேணிக்குள் காசு போட வேண்டுமாம். பாட்டுக்குப் பரிசு வாங்கியவள் அடுத்த நாளே அந்தப் பேணிக்குள் காசு போட்டாளாம். ஆசிரியை, அப்படியா என்றுவிட்டு, விளக்குக்கு என்ன நிறக் கடதாசி ஒட்டுவீர்கள் என்று கேட்டார்.

பிறகு என் முறை. நான் சரஸ்வதி பூசையைச் சொன்னேன். அன்றைக்குக் கொப்பி, புத்தகம், பேனை எல்லாவற்றையும் அம்பாளுக்கு முன்னால் வைத்துவிடுவோம், வாசிக்கவும் மாட்டோம், எழுதவும் மாட்டோம், அடுத்த நாள் விஜயதசமியில்தான் எடுப்போம், சின்னப் பிள்ளைகளின் விரலைப் பிடித்து அரிசியில் முதல் எழுத்து எழுதுவிப்போம் என்றேன். "புத்தகங்கள் ஓய்வெடுக்கும் நாள்! எவ்வளவு அழகு மதாம்" என்றார் அவர். அந்தச் சொல்லை நான் நம்பினேன்.

ஒக்டோபரில் சோதனை வைத்தார்கள். எழுத்து வகுப்புக்குப் போகிறவர் யார், படம் பார்த்துப் பேசும் வகுப்பில் நிற்கிறவர் யார் என்று அதில்தான் பிரிப்பார்கள். உங்களைப் பற்றி ஐந்து வரி எழுதுங்கள், அவ்வளவுதான். நான் வீட்டில் எழுதி எழுதிப் பாடமாக்கி வைத்திருந்தேன். பெயர், பிறந்த ஊர், இருக்கும் இடம், வந்து எவ்வளவு காலம். ஐந்தாவது வரி: எனக்கு வரும் கடிதத்தை நானே வாசிக்க விரும்புகிறேன்.

சோதனை சரஸ்வதி பூசையன்றைக்கே வந்தது. வேறொரு நாள் எழுதலாமா என்று சங்கத்தில் முதலே கேட்டேன். எல்லாருக்கும் ஒரே நாள்தான் என்றார்கள். சரி, ஆசிரியைக்குத்தான் தெரியுமே, அவருக்கு முன்னால் போய் இருந்து ஞாபகப்படுத்தினால் போதும் என்று நினைத்தேன். காலையில் கும்பத்துக்கு முன்னால் கொப்பியையும் பேனையையும் வைத்துக் கும்பிட்டேன். மாலையில் வெறுங்கையோடு போய் என் கதிரையில் இருந்தேன்.

தாளைத் தந்தார்கள். நான் தொடவில்லை. பிலிப்பைன்ஸ் பிள்ளை தன் பேனையை என் பக்கம் தள்ளினாள். நான் திருப்பித் தள்ளினேன். ஆசிரியை வந்து குனிந்தார். இன்றைக்குத்தான் அந்த நாள், புத்தகங்கள் ஓய்வெடுக்கும் நாள் என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வை எனக்கு இன்னும் மறக்கவில்லை. எழுதத் தெரியாமல், மூக்குக்கண்ணாடியை மறந்துவிட்டேன் என்று சாக்குச் சொல்கிறவர்களை அப்படித்தான் பார்ப்பார். என் தோளில் கையை வைத்து, "பரவாயில்லை மதாம், வெட்கப்பட ஒன்றுமில்லை" என்றார்.

எனக்கா வெட்கம்?

வீட்டில் மகன் தன் தலையில் கையை வைத்தான். "ஐஞ்சு வரிதானே அம்மா, எழுதிப்போட்டு வந்திருக்கலாம். சரஸ்வதி கோவிக்கப்போறாவே?"

"அவ கோவிக்க மாட்டா. நான் கோவிப்பன்" என்றேன்.

அடுத்த நாள் காலையில் கொப்பியை எடுத்து, ஐந்து வரியையும் பிழையில்லாமல் எழுதி, அடுத்த வகுப்பில் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஆசிரியை வாசித்துவிட்டுச் சிரித்தார். வீட்டில் யாரோ உதவி செய்திருக்கிறார்கள், உங்களுக்கு நல்ல குடும்பம் என்றார். இவ எழுதுவா, நான் கண்ணால் கண்டனான் என்று அந்தப் பிள்ளை தனக்குத் தெரிந்த பிரெஞ்சில் சொன்னாள். நீ நல்ல சிநேகிதி என்று ஆசிரியை அவளுடைய கன்னத்தைத் தட்டினார். அவள் எழுத்து வகுப்புக்குப் போனாள். அங்கே இடம் நிரம்பிவிட்டது, எனக்கு அடுத்த செப்டெம்பர் என்றார்கள். என் வயதில் அடுத்த செப்டெம்பர் என்பது லேசான பேச்சில்லை.

அந்த மாரி முழுக்கப் படம் பார்த்தேன். அப்பிள் படத்தைக் காட்டி, இது என்ன மதாம் என்பார்கள். இந்த நாட்டில் முப்பது வருடமாக அப்பிள் வாங்கித் தின்றவள் நான். அப்பிள் என்று சொன்னேன். அதற்கும் கை தட்டினார்கள்.

ஜூனில் சங்கத்தின் கொண்டாட்டம் வந்தது. நாட்டுக்கு ஒரு மேசை. ஆசிரியை என்னைத் தேடி வந்தார். சேலை கட்டி வாருங்கள், வடை கொண்டு வாருங்கள் என்றார். நீங்கள் சொன்னீர்களே, அரிசியில் எழுதுவது, அதை விருந்தினருக்குச் செய்து காட்டுங்கள் என்றும் கேட்டார். சோதனையன்று மறந்துபோனது விருந்தினர் வரும்போது மட்டும் ஞாபகம் வந்திருக்கிறது. முடியாது என்று சொல்ல வாய் எடுத்தவள், பிறகு ஓம் என்றேன்.

நீலப் பட்டுச் சேலை கட்டிக்கொண்டு போனேன். தாம்பாளத்தில் பச்சரிசியைப் பரப்பினேன். பக்கத்து மேசையில் அந்தப் பிள்ளை நட்சத்திர விளக்கோடு நின்றாள், ஊர் உடுப்பில். அவளையும் விடவில்லை. நகரசபையான மெரியிலிருந்து வந்த பெரியவர்கள் மேசைக்கு அந்தப் பக்கம் சுற்றி நின்றார்கள். நான் விரலை வைத்து எழுதத் தொடங்கினேன். ஒரு வரி எழுதுவேன், அரிசியைத் தடவிச் சமப்படுத்துவேன், அடுத்த வரி எழுதுவேன். பெயர், ஊர், இருக்கும் இடம், வந்த காலம். எல்லாம் பிரெஞ்சில்.

அவர்கள் தலைகீழாகப் பார்த்தார்கள். படம் எடுத்தார்கள். "இவர்களுடைய எழுத்து எவ்வளவு வட்ட வட்டமாக இருக்கிறது பாருங்கள்" என்று ஆசிரியை விளக்கம் சொன்னார். ஐந்தாவது வரியை எழுதி முடித்துக் கையை எடுத்தேன். மண்டபம் முழுக்கக் கை தட்டியது.

தட்டாமல் நின்றது அந்தப் பிள்ளை ஒருத்திதான். என் பக்கம் வந்து நின்று, வாயைத் திறக்காமல் அந்த வரியை வாசித்துக்கொண்டிருந்தாள். வாசித்து முடித்ததும் ஆசிரியையின் பக்கம் திரும்பினாள். நான் அவளுடைய கையைப் பிடித்தேன்.

"விடு பிள்ளை" என்றேன். தமிழில்தான் சொன்னேன். அவளுக்கு விளங்கியது.

"பாட்டுக்குப் பரிசு தந்துவிட்டுப் பேணிக்குள்ளே காசு போடச் சொன்னது போலத்தான் நனாய்" என்றாள். அரிசியைப் பையில் கொட்டக் கூடவே நின்று உதவினாள். ஆசிரியை வடை மிக நன்றாக இருந்ததென்று சொல்லி இரண்டு கன்னத்திலும் கொஞ்சினார்.

வீட்டுக்கு வந்து சேலை மாற்றாமலே குசினிக்குள் போனேன். அரிசியைக் கொட்ட மனம் வரவில்லை, கழுவி உலையில் போட்டேன். மேசையில் எனக்கு வந்த கடிதம் ஒன்று கிடந்தது. உறை கிழிந்திருந்தது. மருமகள் உள்ளேயிருந்து, "ஒண்டுமில்லை மாமி" என்றாள். எடுத்துப் பார்த்தேன். என் பெயரை வாசித்தேன், விலாசத்தை வாசித்தேன். அதற்குக் கீழே வாசிக்க எனக்கு எழுத்து வகுப்பு வேண்டும்.

மடித்து, கிழிந்த உறைக்குள்ளேயே திரும்ப வைத்தேன்.