பெயர் சொல்லாமல் கேட்ட ஜெபம்

கர்த்தருக்குள் அன்பானவர்களே, என் பேத்தி சலோமி ஐந்து வயது வரை ஓர் இரவுகூட முழுதாகத் தூங்கியதில்லை. பேச்சும் வரவில்லை. ஒன்றுக்கு வருகிறது என்று சொல்லத் தெரியாது. சொல்ல வேண்டும் என்பதும் தெரியாது. வீட்டுக் கழிப்பறையின் கதவைக் கண்டாலே அலறுவாள். கட்டியிருக்கும் துணியிலேயே எல்லாம் ஆகிவிடும்.

தியாகராய நகர் அப்போது பாதி வீடும் பாதி வெட்டவெளியுமாக இருந்தது. எங்கள் மொட்டைமாடியில் தினமும் காயும் பாய்களைத் தெருமுனையிலிருந்தே பார்க்கலாம். சலவைக்காரர் எங்கள் மூட்டையைத் தொடமாட்டேன் என்று சொல்லிவிட்டதால் எல்லாவற்றையும் என் மகள் எஸ்தரே துவைத்தாள். என் மனைவி காலமாகிவிட்டாள். மருமகனுக்கு ரங்கூனில் உத்தியோகம். அங்கிருந்து பணம் தவறாமல் வரும், அவர் வரமாட்டார். எஸ்தர் அடுப்பின் முன் உட்கார்ந்தபடியே தூங்கிவிழுவாள். ஒருநாள் சேலைத் தலைப்பில் தீப்பிடித்துவிட்டது. நல்ல வேளையாக நான் பக்கத்தில் இருந்தேன்.

நான் கலெக்டர் ஆபீஸ் கச்சேரியில், குமாஸ்தாக்களுக்குத் தலைவனான சிரஸ்தாராக இருந்து ஓய்வு பெற்றவன். எந்த மனு எந்த மேஜைக்குப் போகும், அங்கே எவ்வளவு காலம் தூங்கும் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. அங்கே எல்லாமே தூங்கும்; என் பேத்திதான் தூங்கமாட்டாள்.

ஜெபத்துக்கும் நம் சபையில் ஒரு நடைமுறை உண்டு. ஆராதனைக்கு முன் போதகரிடம் விண்ணப்பத்தைச் சொல்ல வேண்டும். காய்ச்சல், பரீட்சை, பிரயாணம் என்றால் பெயரோடு சொல்லலாம். வெட்கப்படும்படியான விஷயம் என்றால் "ஒரு குடும்பத்துக்காக" என்று சொன்னால் போதும். போதகர் மேலே ஒன்றும் கேட்கமாட்டார். நானும் அப்படியே சொல்லிவந்தேன். "ஆண்டவரே, ஒரு குடும்பத்தின் பாரத்தை நீர் அறிவீர்" என்று அவர் ஞாயிறுதோறும் ஜெபித்தார். சபை ஆமென் சொன்னது. நானும் சொன்னேன், யார் அந்தப் பாவப்பட்டவர்கள் என்று யோசிப்பவனைப் போல முகத்தை வைத்துக்கொண்டு. எஸ்தர் குழந்தையோடு வெளியே வேப்பமரத்தடியில் இருப்பாள். உள்ளே உட்கார்ந்தால் பெஞ்சு நனைந்துவிடும்.

சலோமியைப் பரிசோதித்த டாக்டர், இப்படிப்பட்ட குழந்தைகளை வைத்துக்கொள்ளும் விடுதி ஒன்று தூர ஜில்லாவில் இருப்பதாகச் சொன்னார். அதுவரை செய்வதறியாது இருந்த எனக்குக் கடைசியில் தெரிந்த வேலை ஒன்று கிடைத்தது. டாக்டரின் சான்றிதழ், மாஜிஸ்திரேட்டின் கையெழுத்து, போதகரின் சிபாரிசு, எல்லாவற்றையும் வாங்கினேன். ஐந்து வயதுக் குழந்தைக்கு நன்னடத்தைச் சான்றிதழ் கேட்டார்கள். அதையும் வாங்கிக் கொடுத்தேன். கிறிஸ்துமஸ் முடிந்ததும் அழைத்து வரலாம் என்று தகவல் வந்தது.

"ஆண்டவர் நம் ஜெபத்துக்குப் பதில் கொடுத்துவிட்டார், எஸ்தர்" என்றேன்.

அவள் துணி பிழிந்துகொண்டிருந்தாள். "நாம என்னப்பா கேட்டோம்?"

"குடும்பத்துக்குச் சமாதானம்."

"சலோமி பேரச் சொல்லிக் கேட்டீங்களா?"

"அவருக்குத் தெரியாதா?"

"அவருக்குத் தெரியும். சபையில வேற யாருக்காவது தெரியுமா?"



கிறிஸ்துமஸுக்கு முந்திய ஞாயிறு. போதகர் வழக்கம்போல "ஒரு குடும்பத்தின் பாரத்தை" என்று தொடங்கினார். பக்கக் கதவு வழியாக எஸ்தர் உள்ளே வந்தாள். குழந்தை இடுப்பில் இருந்தது. அவள் சேலை ஒரு பக்கம் முழுக்க ஈரம். பெஞ்சுகளுக்கு நடுவில் வந்து நின்றாள்.

"ஐயா, அந்தக் குடும்பம் நாங்கதான். இவ பேரு சலோமி. ராத்திரியில தூங்கமாட்டா. துணியிலேயே போயிடுவா. கிறிஸ்துமஸ் முடிஞ்சதும் இவள எங்கயோ அனுப்பப் போறாங்க. அனுப்பாம இருக்கறதுக்கு ஜெபம் பண்ணுங்க."

போதகர் கண்ணைத் திறந்து பார்த்தார். பிறகு மூடிக்கொண்டு, "சலோமிக்காக ஜெபிப்போம்" என்றார். நான் தலை நிமிரவில்லை. பெயரில்லாத மனுக்களைக் கவனிக்க வேண்டியதில்லை என்பது கச்சேரியில் விதி. அவற்றை என் கையாலேயே கூடையில் போட்டிருக்கிறேன். அந்த விதி அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது.

ஆராதனை முடிந்ததும் எல்லாருக்கும் ஏதோ அவசர வேலை வந்துவிட்டது. "இத வீட்டுக்குள்ள பேசியிருக்கலாம்" என்று ஓர் அம்மாள் என் காதுபடச் சொன்னார். வேறு யாரும் எங்களிடம் பேசவில்லை.

செவ்வாய்க்கிழமை பிற்பகல் எங்கள் வாசலில் ஒரு பெண் வந்து நின்றார். சைதாப்பேட்டை பாக்கியம். எங்கள் சபைக் கோயிலில் பின்வரிசையில் உட்காருபவர். அப்போதுதான் ஓடத் தொடங்கியிருந்த மின்சார ரயிலில் வந்திருந்தார். கூடவே வாயில் எச்சில் ஒழுக, பதினோரு வயது மகள் ரூபி.

"இன்னா ஐயா நீங்க! 'ஒரு குடும்பம்'னு போதகரு ஐயா ஜெபம் பண்ணாரே, அது எங்களுக்குத்தான்னு நாங்க இத்தினி நாளா ஆமென் போட்டுக்கினு கீறோம்!"

நான் அவரை உள்ளே வரச் சொன்னேன். அவர் அதற்குள் வந்துவிட்டிருந்தார்.

"இதுக்குப் பதினொண்ணு ஆவுது. இன்னமும் பாயி நனையுது. இன்னா பண்றது? தொவைக்கிறோம்" என்றார் எஸ்தரிடம். எஸ்தர் சிரித்துவிட்டாள். அந்தச் சத்தம் கேட்டு வெகுகாலம் ஆகியிருந்தது. "சிரிச்சது போதும், போய்ப் படும்மா. ரெண்டும் எங்கூட கெடக்கட்டும்."

எஸ்தர் விளக்கு வைக்கும் வரை தூங்கினாள். சலோமி கத்தினாள், பிறகு ரூபியின் பாவாடையை நனைத்தாள். நான் பதறி எழுந்தேன். "உக்காருங்க ஐயா. ரூபிக்கு இதெல்லாம் புச்சா?" என்றார் பாக்கியம்.

அந்த வாரமே அடையாறிலிருந்து நம் சபையின் பள்ளி ஆசிரியர் ஒருவரும் அவர் மனைவியும் வந்தார்கள். அவர்கள் வீட்டிலும் ஒரு குழந்தை. அவர்களும் அந்த ஜெபம் தங்களுக்கானது என்றே இருந்திருக்கிறார்கள். நான் போதகரிடம் போய், மூன்று வீட்டுக்கும் சேர்த்து ஒரே வாக்கியமா என்று கேட்டேன். "நீங்க எல்லாரும் ஒரே வார்த்தையத்தானே வந்து சொன்னீங்க" என்றார்.

விடுதிக்கு இடம் வேண்டாமென்று எழுதிவிட்டேன். வேண்டாம் என்பதற்கு எந்தச் சான்றிதழும் தேவைப்படவில்லை.

அன்றுமுதல் மூன்று வீடும் முறைவைத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறோம். எந்த வீட்டில் குழந்தைகள் கூடுகிறார்களோ, அதைத் தவிர மற்ற இரண்டு வீட்டுத் தாய்மாரும் அன்று தூங்குவார்கள். சலோமியைக் கழிப்பறைப் பக்கம் இழுத்துப்போவதை நிறுத்தினோம். காலைக் கஞ்சி ஆனதும் பின்கட்டில் எனாமல் சட்டி ஒன்றில் உட்காரவைப்போம். ரூபி வரும் நாட்களில் அவள் படியில் உட்கார்ந்து, வார்த்தை இல்லாமல் ஏதோ ஒரு ராகம் இழுப்பாள். அதைக் கேட்டுக்கொண்டு சலோமி எழுந்து ஓடாமல் இருப்பாள். பல மாதம் ஒன்றும் நடக்கவில்லை. சபையில் விளைச்சலைக் காணிக்கையாகப் படைக்கும் அறுப்பின் பண்டிகை சமயத்தில் ஒருநாள் சலோமி தானாகவே அந்தச் சட்டியை இழுத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தாள். கூடத்தில் விருந்தாளிகள் இருந்தார்கள். நாங்கள் எல்லாரும் கைதட்டினோம்.

அற்புதம் என்று சொல்லிக் கூட்டிச் சொல்ல எனக்கு வராது. சலோமி இன்னும் பேசவில்லை. சில இரவுகளில் தூங்குகிறாள், பல இரவுகளில் இல்லை. ஆனால் அவள் எங்கள் வீட்டில் இருக்கிறாள். அவளும் தாயும் இப்போது வேப்பமரத்தடியில் உட்காருவதில்லை. முன்வரிசையில், ஒரு ரப்பர் விரிப்பின்மேல் உட்காருகிறார்கள். கேட்டது என் மகள். கொடுத்தவர் ஆண்டவர். அவருக்கே ஸ்தோத்திரம். நான் அவருடைய பதிலை ஏறக்குறைய தூர ஜில்லாவுக்கு அனுப்பிவிட இருந்தேன்.

இதை வாசிப்பவர்களில் "ஒரு குடும்பம்" இன்னும் இருக்கும் என்று நினைக்கிறேன். ஆண்டவரை நம்பிப் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். செவ்வாய்க்கிழமை பிற்பகலில் எங்கள் கதவு திறந்திருக்கும். குழந்தையையும் கூட்டி வாருங்கள். மாற்றுத் துணி எடுத்துவர வேண்டாம், இங்கே நிறைய இருக்கிறது.