அளக்காமல் குடைந்த சிலிண்டர்

அன்று பட்டறையில் மூன்று பேர் இருந்தோம். லாரி இன்ஜின் சிலிண்டர்களைக் குடைந்து போர் போடும் நான், டிராக் ரேஸில் பைக் ஓட்டும் குமரேசன், அவன் மனைவி கோமதி.

"பவர் கூடோணுங்ண்ணா. ஸ்ட்ரோக்கை நீட்டலாமுங்களா, போரைப் பெருசாக்கலாமுங்களா?" என்றான் குமரேசன்.

ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் ஏறியிறங்கும் தூரம் நீள, கிராங்க் தண்டை மாற்ற வேண்டும், நாளாகும். போர் என்ற உள்விட்டம் பெருக்க, சிலிண்டரைக் குடைந்தால் போதும்.

"சிலிண்டர் செவுரு தாங்குமுங்களா?" என்றாள் கோமதி.

"லாரி பிளாக்கையே கொடையறவன் நான். பைக்கெல்லாம் எம்மாத்திரம் சாமி?" என்று சிரித்தேன். அளக்காமலே குடைந்தேன்.

பந்தயத்தில் சிலிண்டர் பிளந்தது. சிந்திய ஆயிலில் பின்சக்கரம் வழுக்கிக் குமரேசன் விழுந்தான். வலது காலை எடுத்துவிட்டார்கள்.

ஆஸ்பத்திரியில், "அளந்துதானுங்களே போட்டீங்க?" என்று கேட்டான்.

"ஆமா சாமி" என்றேன்.

"அப்ப என்ர நேரமுங்க" என்று கண்ணை மூடிக்கொண்டான்.

பட்டறைக்கு வந்து, உடைந்த சுவரை முதன்முதலாக அளந்தேன். தாங்குவதற்கு இரண்டரை மில்லிமீட்டராவது இருந்திருக்க வேண்டும்.

ஒரு மில்லிமீட்டர்.