முடியாது என்று சொல்லத் திருச்சிக்கு வந்தேன்

ஞாயிறு விடியற்காலை துபாயிலிருந்து வந்த விமானம் திருச்சியில் இறங்கியது. சுற்றியிருந்தவர்கள் எல்லாம் போனை எடுத்து வீட்டுக்குத் தகவல் சொல்லிக்கொண்டிருந்தார்கள். சொந்த ஊரில் பயந்தபடி இறங்கியவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். பக்கத்து இருக்கையில் என் மேலாளர் மார்ட்டின் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

ஜெர்மனியில் ட்யூஸ்பர்க் என்னும் ஊரில், இயந்திரங்களைத் தாங்கும் இரும்புச் சட்டங்கள் செய்யும் கம்பெனியில் எனக்கு வேலை. சேர்ந்து நான்கு மாதம் ஆகிறது. முதல் ஆறு மாதம் சோதனைக் காலம். அதற்குள் பிடிக்கவில்லையென்றால் இரண்டு வார நோட்டீஸில் அனுப்பிவிடலாம். கம்பெனி இப்போது கொஞ்சம் வேலையைத் திருச்சியில் கொடுத்துப் பார்க்க விரும்புகிறது. திருவெறும்பூரில் நான் ஒன்பது வருடம் வேலை பார்த்த பட்டறையின் பெயரைச் சொல்லிவைத்தவன் நான்தான். பட்டறை சொதப்பினால் என் கதை என்ன ஆகும் என்பதை விமானத்தில் தூங்காமல் யோசித்துக்கொண்டே வந்தேன்.

மார்ட்டினுக்குக் கண்டோன்மென்ட்டில் ஓட்டல். ஆறு கிலோமீட்டர்தான். டாக்ஸி ஓட்டுநர் ஜெர்மனியில் குளிர் எப்படி என்று விசாரித்தார். "பழகிடுச்சுங்க" என்றேன். பழகவில்லை. ஜனவரியில் மாலை ஐந்து மணிக்கே இருட்டிவிடும். அறையில் தனியாக உட்கார்ந்து சாம்பார் பொடியை மோந்து பார்த்துவிட்டு மூடிவைத்த நாளெல்லாம் உண்டு. அதை டாக்ஸியில் சொல்லிக்கொண்டிருக்க முடியுமா? மார்ட்டினை இறக்கிவிட்டுக் காவிரிப் பாலம் தாண்டி ஸ்ரீரங்கம் வந்தேன். அம்மா மண்டபம் சாலையில் ஒரு சின்ன அடுக்ககத்தில் எங்கள் வீடு. மனைவி கல்யாணி கதவைத் திறந்தாள். மகள் நிலா தூங்கிக்கொண்டிருந்தாள். அவள் வளர்ந்திருந்தாள்.

காபி கொடுத்த கையோடு கல்யாணி கேட்டாள், பள்ளிக்கூடத்தில் டி.சி. வாங்கிவிடலாமா, ஜூனில் ஜெர்மனிக்குக் கிளம்பிவிடுவோமா என்று. எல்லோரும் அங்கே வந்துவிடலாமே என்று ஆசைப்பட்டு முதலில் கேட்டவன் நான்தான். போனிலும் இதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள். போனில் சொன்னதையே சொன்னேன்: ஆயிடும், பாத்துக்கலாம்.

இந்த 'ஆயிடும்' ஜெர்மனியில் எனக்கு ஒருமுறை வேட்டு வைத்திருக்கிறது. சேர்ந்த இரண்டாவது வாரம், வியாழனுக்குள் வரைபடங்களைச் சரிபார்த்துவிட முடியுமா என்று மார்ட்டின் கேட்டார். முடியாது என்று தெரிந்தும் முடியும் என்றேன். மேலதிகாரியிடம் வேறு என்ன சொல்வது? நம் ஊரில் சரி என்று சொல்வது மரியாதை, எவ்வளவு சரி என்பது அப்புறம் தெரியும். வியாழனன்று பாதியோடு போய் நின்றேன். அவர் கத்தவில்லை. "முடியாது என்று திங்களன்றே சொல்லியிருந்தால் இன்னொருவரைப் போட்டிருப்பேன். நீங்கள் முடியும் என்றதால் யாரையும் போடவில்லை" என்றார். கத்தியிருந்தால் அன்றைக்குத் தூங்கியிருப்பேன்.

திங்கள் காலை பட்டறைக்குப் போனோம். முதலாளி முருகேசன் அண்ணன் வாசலிலேயே நின்று மாலை போட்டார். இளநீர், முந்திரி, பிஸ்கட் எல்லாம் தயார். நான் பட்டறையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். தகடு வைக்கும் இடம் பாதி காலி. எட்டு வெல்டர்கள் இருந்த இடத்தில் ஐந்து பேர்.

நாற்பது சட்டங்கள், ஏப்ரல் கடைசிக்குள் கிடைக்குமா என்று மார்ட்டின் கேட்டார். நான் தமிழில் சொன்னேன்.

"ஆயிடும் சார்" என்றார் அண்ணன், மார்ட்டினைப் பார்த்துச் சிரித்தபடி. அந்தச் சிரிப்பிலேயே பதில் புரிந்து, மார்ட்டின் எண்ணையும் தேதியையும் குறித்துக்கொண்டார்.

சும்மா இருந்தால் ஏப்ரலில் மாட்டிக்கொள்வது நான். வாயைத் திறந்தால், தொழில் கற்றுக்கொடுத்த மனிதரை அவர் பட்டறையிலேயே தலைகுனிய வைத்தவன் ஆவேன். மார்ட்டின் இயந்திரங்களைப் பார்க்க நகர்ந்ததும் அண்ணனை ஓரமாக அழைத்தேன்.

"அண்ணே, நெசமா எத்தனை ஆகும்?"

"இருபது. ரொம்ப முக்குனா இருபத்திரண்டு."

"அப்புறம் ஏண்ணே நாப்பதுன்னு தலையாட்டுனீங்க?"

"அவ்வளவு தூரத்துலேர்ந்து வந்த மனுசன்கிட்ட மூஞ்சிக்கு நேரா முடியாதுன்னு எப்படிப்பா சொல்றது?"

மார்ட்டினிடம் அதைத்தான் சொல்ல வேண்டும் என்று விளக்கினேன். அண்ணன் தரையைப் பார்த்தபடி, நீயே சொல்லிவிடு என்றார். சொன்னேன். மார்ட்டின் தேதியை அடிக்கவில்லை, நாற்பதை அடித்து இருபது என்று எழுதினார். மீதி இருபதைப் போலந்தில் கொடுத்துவிடுவதாகச் சொல்லி, அண்ணனுக்குக் கைகொடுத்து நன்றி சொன்னார். அந்த நன்றி உண்மையானது என்பது எனக்குத் தெரியும். அண்ணனுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. பாதி ஆர்டர் போனது மட்டும் அவருக்குத் தெரிந்தது. கிளம்பும்போது அவர் வாசல்வரை வரவில்லை.

காரில் மார்ட்டின் சொன்னார்: "இன்று நீங்கள் சொல்லாமல் இருந்திருந்தால் மே மாதம் நாம் பேச வேண்டியிருந்திருக்கும்." என் சோதனைக் காலம் முடிவது மே மாதத்தில். நிம்மதியும் அழுகையும் சேர்ந்து வந்தன. கண்ணாடிக்கு வெளியே மலைக்கோட்டையைப் பார்ப்பதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

செவ்வாய் மாலை கல்யாணியோடு அம்மா மண்டபம் படித்துறைக்கு நடந்தேன். ஆற்றில் தண்ணீர் குறைவு. மணல் திட்டில் பிள்ளைகள் பந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். மறுபடி டி.சி. பேச்சு எடுத்தாள். ஆயிடும் என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

"வாங்காத. வேலை நிக்குமான்னு மே மாசம்தான் தெரியும். இன்னும் வீடும் கிடைக்கல. ஜூன்ல முடியாது. எனக்கு அங்க தினமும் பயமா இருக்கு."

முருகேசன் அண்ணன் பார்த்ததுபோலவே அவளும் தரையைப் பார்த்தாள். கோபித்துக்கொள்வாள் என்று நினைத்தேன்.

"நானும் ஒண்ணு சொல்லட்டுமா? கோவிச்சுக்காதீங்க" என்றாள். "எனக்கு அங்க வரவே இஷ்டமில்லங்க. நீங்க ஆசையாக் கேக்குறப்ப எப்படி மாட்டேன்னு சொல்றது? அதான் டி.சி. வாங்கட்டுமா, வாங்கட்டுமான்னு கேட்டுட்டே இருந்தேன். நீங்களா வேணாம்னு சொல்லிருவீங்கன்னு."

நான்கு மாதமாக ஒருவருக்கொருவர் மரியாதை செய்துகொண்டிருந்திருக்கிறோம். என்ன முடிவு செய்வது என்று அன்று எங்களுக்குத் தெரியவில்லை. இருட்டும்வரை படியிலேயே உட்கார்ந்து, எது எதற்கெல்லாம் பயம் என்று மாற்றி மாற்றிச் சொன்னோம். கல்யாணமான பிறகு அவ்வளவு நேரம் நாங்கள் பேசியதில்லை.

புதன்கிழமை விமான நிலையத்தில் வரிசையில் நிற்கும்போது, குடும்பம் ஜூனில் வந்துவிடும்தானே என்று மார்ட்டின் கேட்டார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கல்யாணி நிலாவைப் பிடித்தபடி நின்றிருந்தாள்.

"தெரியவில்லை" என்றேன்.