பம்பாய் டு துபாய்: ஒன்றரை மணி நேரம்

பம்பாயிலிருந்து துபாய்க்கு பிளேன் போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆகும்?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை என்னை இப்படிக் கேட்டவள் பக்கத்து வீட்டு வசந்தா. ஆரணியில் எங்கள் தெருவில் பட்டு நூல் சுற்றுகிற பெண். அவள் புருஷன் ஏழுமலை ரைஸ் மில் ஃபிட்டர். துபாயில் வேலை கிடைத்து, அன்றுதான் பம்பாயில் பிளேன் ஏறுகிறான்.

"அவரு போயி சேர்ற வரைக்கும் வீடு பெருக்கக் கூடாதுங்களே சார்... மூணு நாளா நூல் குப்பையோட ஒரே பேஜாரா கீது. எப்போ பெருக்கலாம்?"

ஊருக்குப் போனவர் போய்ச் சேருமுன் துடைப்பத்தை எடுத்தால் அவருக்கு ஆபத்து என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. எனக்கு அதெல்லாம் கிடையாது. ஆனால் நான் கணக்கு வாத்தியார் ஆயிற்றே... கேள்வி என்று வந்துவிட்டால் விடுவேனா?

ஏழுமலை எழுதி வைத்துவிட்டுப் போன சீட்டை வாங்கிப் பார்த்தேன். பம்பாயில் புறப்படுவது காலை பத்து மணி. துபாயில் இறங்குவது பதினொன்றரை.

"ஒன்றரை மணி நேரம்தாம்மா! நம்ம மெட்ராஸ் பஸ்ஸே நாலு மணி நேரம் போவுது."

சரியாகப் பதினொன்றரைக்கு காம்பவுண்டு சுவருக்கு மேல் தலையை நீட்டி, "சேர்ந்திருப்பாரு, பெருக்கும்மா" என்று உத்தரவும் கொடுத்தேன்.

நான்கு நாள் கழித்து இந்தப் பெருமையை ஸ்கூலில் பூகோள வாத்தியாரிடம் அளந்தேன். மனிதர் விழுந்து விழுந்து சிரித்தார். "துபாய் கடிகாரம் நம்மளுதுக்கு ஒன்றரை மணி பின்னாடி ஓடுது சார். பிளேன் போறதுக்கு மூணு மணி நேரம் ஆவும்!"

அதாவது — அவள் துடைப்பத்தை எடுத்தபோது ஏழுமலை நடுக்கடலுக்கு மேலே!

நம்பிக்கை இல்லாதவன்தான் நான். ஆனாலும் லைப்ரரிக்கு ஓடி நான்கு நாள் பேப்பரையும் புரட்டினேன். பிளேன் விழுந்ததாகச் செய்தி இல்லை. சரி, ஆள்? மூன்று வாரமாகக் கடிதமே வரவில்லை. வசந்தா வாசலில் தபால்காரருக்காக நிற்பாள். நான் அவள் முகத்தைப் பார்க்காமல் சைக்கிளை மிதிப்பேன்.

போன வாரம்தான் கடிதம் வந்தது. ஏழுமலையின் எழுத்து கோழிக் கிறுக்கல் என்பதால் என்னைப் படிக்கச் சொன்னாள்.

'சௌக்கியமாக வந்து சேர்ந்தேன். நடுவழியில் பிளேன் திடீரென்று கீழே போயிற்று. எல்லோரும் அலறினோம். பிறகு யாரோ தாங்கிப் பிடித்தது மாதிரி நின்றது. என் வாட்ச்சில் நம்ம ஊர் டைம் பதினொன்று நாற்பது...'

கடிதத்தைத் தாழ்த்தி அவளைப் பார்த்தேன்.

"அப்போதான் சார் நான் பெருக்கிகினு இருந்தேன்!" என்றாள் வசந்தா. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. "பாதி வீடு கூட ஆவல. 'நிறுத்தும்மா, இன்னும் சேரல'ன்னு நீங்க செவுத்துக்கு அந்தாண்டேருந்து கத்துனீங்களே... அப்படியே துடப்பத்தைப் போட்டுட்டேன். நல்லா இருப்பீங்க சார்!"

"ஆமாம்மா" என்றேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பதினொன்று முப்பத்தைந்துக்கெல்லாம் வீட்டைப் பூட்டிக்கொண்டு, டியூஷன் எடுக்கப் பக்கத்து ஊர் சேவூருக்குக் கிளம்பிவிட்டேன். வீட்டில் வேறு யாரும் கிடையாது.

தவிர, கணக்கு தப்பு என்பது எனக்கே தெரிய இன்னும் நான்கு நாள் இருந்தது!