இருபத்தாறு பார் ஐஸ்

முப்பத்தைந்து வருஷமாக ஒரே ஐஸ் கம்பெனியில் வேலை பார்க்கிறவரை எல்லோரும் ஐஸ்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் கை எப்போதும் சில்லென்று இருக்கும். யாராவது நிலையில் தலையை இடித்துக்கொண்டால், "ஐஸ்காரரே, கொஞ்சம் கையை வச்சு எடுங்க" என்று கேலி செய்வார்கள். அவரும் சிரித்துக்கொண்டே வைப்பார். காலையில் சாமி கும்பிடாமல் பச்சைத் தண்ணீர் பல்லில் படாது. எறும்பை மிதித்தாலும் மனசு சங்கடப்படுகிற ஆள். அப்பேர்ப்பட்ட மனிதரைக் கொதிக்க வைத்தது ஒரு புத்தகம்.

துறைமுகம் கட்டி ஐம்பது வருஷம் ஆகிறதாம். அதற்காக அரசாங்கம் வழவழக் காகிதத்தில் ஒரு வரலாற்றுப் புத்தகம் போடுகிறது. "பழைய நினைவுகள் உள்ளவர்கள் நேரில் வந்து சொல்லலாம்" என்று டீக்கடைச் சுவரில் நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். ஐஸ்காரர் அதை மூன்று நாள் பார்த்துக்கொண்டே போனார். நாலாம் நாள் வெளுத்த சட்டையைப் போட்டுக்கொண்டு அந்த ஆபீசுக்குப் போனார்.

அங்கே இருந்த குமாஸ்தா, அச்சுக்குப் போகிற பக்கத்தை எடுத்து உரக்கப் படித்தான்.

"விஷமிகள் சிலரின் பேச்சைக் கேட்டுச் சுமைதூக்குவோர் கிடங்குக்குத் தீ வைத்தனர். அப்போது ஏற்பட்ட நெரிசலில் நால்வர் உயிரிழந்தனர். நாடு அந்தச் சோதனையையும் வென்று முன்னேறியது."

"எத்தனை பேருன்னீங்க?"

"நாலு. ரெக்கார்டு இருக்கு."

"நாலு பேருக்கு இருபத்தாறு பார் ஐஸ் எதுக்குய்யா?"

குமாஸ்தா சிரித்தான். "வெயில் காலம்ல பெரியவரே. ஜூஸ் போட்டிருப்பாங்க."

அந்தச் சிரிப்பை ஆண்டவன் வேண்டுமானால் மன்னிக்கட்டும். ஐஸ்காரரால் முடியவில்லை. 

முப்பத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் துறைமுகத்தில் ஒரு மூட்டை நூறு கிலோ. தூக்குகிறவனின் எடை அதில் பாதிதான் இருக்கும். மூட்டையை ஐம்பது கிலோவாகக் குறைக்க வேண்டும், கிடங்கு முற்றத்தில் ஒரு தண்ணீர்க் குழாய் போட வேண்டும். சுமைகாரர்கள் கேட்டது இவ்வளவுதான். குடிக்கத் தண்ணீர் கேட்டவன்தான் புத்தகத்தில் விஷமி! பதினோரு நாள் துறைமுக வாசலில் உட்கார்ந்திருந்தார்கள். பன்னிரண்டாம் நாள் காலை போலீஸ்காரர்கள் அவர்களைச் சுட்டார்கள். கிடங்கு தீப்பிடித்ததே அதற்கு அப்புறம்தான். யார் வைத்தார்கள் என்று வைத்தவனுக்குத் தெரியும்.

ஐஸ்காரரின் அண்ணன் அந்தச் சுமைகாரர்களில் ஒருவர். அன்றைக்கு வீட்டுக்கு வரவில்லை.

மறுநாள் காலையில் ஐஸ் கம்பெனி மேனேஜர், "இன்னிக்கு மீன்காரங்களுக்கு ஒரு துண்டு கிடையாது. எல்லாம் ஆஸ்பத்திரிக்கு" என்றார். வாரத்துக்கு இரண்டு பார் வாங்குகிற ஆஸ்பத்திரி அது. ஐஸ்காரருக்கு அப்போது இருபத்துநாலு வயசு. உப்புத்தண்ணீர்த் தொட்டியிலிருந்து தகரக் கேன்களைத் தூக்கி, மேலே தண்ணீர் ஊற்றிப் பாரைக் கழற்றி, சாக்கில் சுற்றிக் கைவண்டியில் ஏற்றினார். ஐந்து நடை. மொத்தம் இருபத்தாறு பார்.

ஆஸ்பத்திரிக்குப் பின்பக்கம் துணி வெளுக்கிற அறை. அதன் தரையில் வரிசையாகப் படுக்க வைத்திருந்தார்கள். ஆஸ்பத்திரி ஆள் வாசற்படியிலேயே வாந்தி எடுத்துக்கொண்டிருந்தான், உள்ளே வரவில்லை. ஐஸ்காரர்தான் ஆளுக்கு ஒரு பாராக உடைத்து இரண்டு பக்கமும் வைத்தார். நெரிசலில் செத்தவனுக்கு நெஞ்சில் ஓட்டை எப்படி வரும்? எழுதினவனுக்கு அதையும் எழுதக் கை வந்திருக்க வேண்டும்.

பத்தொன்பதாவது ஆளின் முகத்தைச் சாக்கால் மூடியிருந்தார்கள். ஆனால் வலது தோள் தெரிந்தது. பத்து வருஷம் மூட்டை ஏறி இறங்கிக் காய்த்துப்போய்த் தடித்திருந்த தோள். அந்தத் தடிப்பில் எண்ணெய் தேய்த்துவிட்டதே அவர்தான். முகத்தைத் திறந்து பார்க்க வேண்டிய அவசியம் அவருக்கு இல்லை.

அன்று சாயங்காலமே அண்ணியிடம் சொல்லிவிட்டார். மறுநாள் இரண்டு பேரும் ஓடினார்கள். அறை கழுவிக் காய்ந்திருந்தது. எந்த லாரி, எந்தக் குழி என்று சொல்வார் இல்லை. கேட்கப் போன ஐஸ்காரரை ஸ்டேஷனில் மூன்று நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். அன்றோடு இடது காது போயிற்று. கணக்கில் நாலு பேர்தான் நின்றார்கள். நாலு பேரும் துறைமுக ஆபீசில் உத்தியோகம் பார்த்தவர்கள், அந்தப் பக்கமாக வந்து மாட்டிக்கொண்டவர்கள். அவர்களுக்குக் கேட்க ஆள் இருந்தது. அண்ணன் பேருக்கு நேரே, "தீ வைத்துவிட்டுத் தலைமறைவு" என்று எழுதினார்கள். அண்ணி வலை பின்னிப் பிழைத்தாள். எந்த ஆபீசில் எந்த விண்ணப்பம் எழுதினாலும், புருஷன் என்ற இடத்தில் தலைமறைவு. குழாயடியில் சண்டை வந்தால் முதல் வார்த்தையே, "ஓடிப்போனவன் பொண்டாட்டிக்கு வாயைப் பாரு!"

குமாஸ்தா சிரித்த அன்றே ஐஸ்காரர் அண்ணன் பேரை எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் வந்திருந்தார். மறுநாள், பெரிய ஆபீசரே அவரைக் கூப்பிட்டு அனுப்பினார். நாற்காலி போட்டு, டீ வரவழைத்துக் கொடுத்தார்.

"உங்க அண்ணன் பேரைச் சேர்த்துடறேன். நெரிசலில் ஐவர்னு திருத்திடலாம். உங்க அண்ணிக்குச் சர்டிபிகேட்டும் வந்துடும். நீங்க செய்ய வேண்டியது ஒண்ணே ஒண்ணுதான். செத்தவங்க மொத்தம் அஞ்சு பேரு, நான் நேர்ல பார்த்தேன்னு இதுல கையெழுத்து. நாளைக்கு அச்சுக்குப் போகுது."

"மத்த இருபத்தொரு பேரு?"

"அவங்களுக்காக யாரும் வரலையே பெரியவரே. நீங்க மட்டும்தானே வந்தீங்க."

ஐஸ்காரருக்கு யாரோ கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. காகிதத்தை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

அண்ணி வலையும் ஊசியுமாக ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். அவர் காகிதத்தைப் படித்துக் காட்டினார்.

"அவர் பேரு எங்க இருக்கு?"

விரலை வைத்துக் காட்டினார். அவள் அந்த இடத்தைத் தொட்டுக்கொண்டே இருந்தாள்.

"சர்டிபிகேட் நிஜமா வருமா தம்பி?"

"வருமாம் அண்ணி."

"அப்ப போட்டுடுங்க. முப்பத்திரண்டு வருஷமாப் பேச்சுக் கேட்டுக் கேட்டு எனக்குச் செவி புண்ணாப் போச்சு. அஞ்சோ அம்பதோ, அவர் ஓடலைன்னு ஆயிடும்ல?"

பேனாவை எடுத்தார். மூடியைக் கழற்றினார். அப்படியே உட்கார்ந்திருந்தார்.

"என்ன தம்பி, பேனா எழுதலையா?"

"அண்ணனுக்குப் பக்கத்துல ஒரு பொண்ணு இருந்துச்சு அண்ணி. கிழிஞ்ச சாக்கு தைக்குமே, அந்தப் பொண்ணு. கோணூசியைத் துணியில குத்தி வச்சிருந்தபடியே கிடந்துச்சு."

அண்ணியின் கை நின்றது. "ரெண்டாவது தெருவா? தகரக் கதவு வீடா? அவ எவன்கூடவோ ஓடிட்டான்னுல்ல சொன்னாங்க?"

ஐஸ்காரர் பேனா மூடியைத் திருகி மூடினார்.

"அவங்கம்மாகிட்ட நீங்க சொல்லலை?"

"பயம் அண்ணி. ஒரு காதோட விட்டாங்களேன்னு இருந்துட்டேன். ஐஸ் வண்டியைக்கூட அந்தத் தெரு வழியாத் தள்ளினதில்லை. சுத்திக்கிட்டுத்தான் போவேன்."

"முப்பத்திரண்டு வருஷமா!" அண்ணி எழுந்தே விட்டாள். "எனக்குச் சொன்னீங்க, நான் வயித்துல அடிச்சிக்கிட்டு அழுது தீர்த்தேன். அந்தப் பாவி மனுஷி இன்னும் பெத்த பொண்ணைச் சபிச்சுக்கிட்டிருக்கா. வாசல்ல உட்கார்ந்து அவ திட்டறதை நான் என் காதால கேட்டிருக்கேன். அந்த ஆபீசர்காரன் யாரும் வரலைன்னு சொல்றான்னா, ஏன் வரலை? வர்றவளுக்குத் தெரிஞ்சாத்தானே வருவா!"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். அவள் காகிதத்தை எடுத்தாள். புருஷன் பேரை இன்னொரு தரம் தொட்டுப் பார்த்தாள். பிறகு மடித்து அவர் சட்டைப்பையில் செருகினாள்.

"இதை நாளைக்கு அவன்கிட்டயே வெறுங்காகிதமாக் கொடுத்திடுங்க. எந்திரிங்க."

"சர்டிபிகேட்டு?"

"ஓடிப்போனவன் பொண்டாட்டியாவே இருந்துட்டுப் போறேன், போங்க. அந்தப் பொண்ணைத் தாண்டி வர்ற சர்டிபிகேட் என் வீட்டுக்கு வேண்டாம்."

இருட்டுவதற்கு இன்னும் நேரம் இருந்தது. தகரக் கதவு திறந்துதான் கிடந்தது. அந்த அம்மா, எழுபது வயசுக்கு மேல் இருக்கும், வாசற்படியில் உட்கார்ந்து கால் வலிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள். எதிர்வீட்டுக்காரி துணி மடித்துக்கொண்டே, யாரடா இது என்று பார்த்தாள்.

ஐஸ்காரர் மண்டியிட்டு உட்கார்ந்தார். கும்பிட்டார். ஆண்டவா, வார்த்தையைக் கொடு என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டார்.

"அம்மா, நான் ஐஸ் கம்பெனியில வேலை பார்க்கறவன். துறைமுகத்துல சுட்டாங்கள்ல, மறுநாள் ஆஸ்பத்திரிக்கு ஐஸ் கொண்டு போனது நான்தான். உங்க பொண்ணை அங்க பார்த்தேன். இத்தனை வருஷம் சொல்லாம இருந்தது என் தப்பு."

அந்த அம்மா தைலம் தேய்ப்பதை நிறுத்தினாள். அழுகை வரும், அடி விழும் என்று அவர் காத்திருந்தார். எது வந்தாலும் வாங்கிக்கொள்ளத்தான் வந்திருந்தார்.

"ஓடலையா அவ?" என்றாள் அந்த அம்மா.

"ஓடலைம்மா. கண்ணைக்கூட நான்தான் மூடிவிட்டேன்."

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். அண்ணி தாங்கப் போனாள். அந்தக் கையைத் தள்ளிவிட்டுத் தெருவின் நடுவில் போய் நின்றாள். எதிர்வீட்டுக்காரியைப் பார்த்து, மேல்வீட்டு ஜன்னல்களைப் பார்த்து, அந்த வயசுக்கு எங்கிருந்து வந்ததோ அவ்வளவு குரல்:

"ஏய், கேட்டுக்குங்கடி எல்லாரும்! எம் பொண்ணு ஓடலை! சுட்டுட்டானுங்கடி அவளை! எவன்டா சொன்னான் ஓடிட்டான்னு? வரச் சொல்லுங்கடா அவனை, இங்க வரச் சொல்லுங்க!"

ஒவ்வொரு கதவாகத் திறந்தது.