கிரேட்டிங்கில் படிந்த புகை

எங்கள் நாட்டில் விளக்கேற்றாமல் ஒரு குழாய்க்கிணற்றைக்கூடத் திறக்க மாட்டார்கள். கண்டிக்குப் பக்கத்தில் நான் ஆராய்ச்சி செய்யும் ஆய்வுகூடத்துக்கு லேசர் பெருக்கி வந்தபோதும் விளக்கு வந்தது. விறாந்தையில்தான் வைத்தார்கள். மழைக்காற்றில் திரி அணைந்து அணைந்து போக, அபசகுனம் என்று யாரோ முணுமுணுக்க, விளக்கை லேசர் அறைக்குள்ளேயே தூக்கிவந்து ஏற்றிவிட்டார்கள். விருந்தினர் பார்க்கட்டுமென்று கருவியின் மூடியும் பாதி திறந்திருந்தது.

எனக்கோ அந்தக் கருவிமேல் கொள்ளை ஆசை. அதில் பிறக்கும் ஒளித்துடிப்புக்கு முன்னால் கண் இமைக்கும் நேரம் ஒரு யுகம். அத்தனை குறுகியதை நேரே பெருக்கினால் உள்ளிருக்கும் படிகம் பொசுங்கிவிடும். ஆகவே, பக்கத்து ஊரான மடவளைக்குப் போகும் பஸ்ஸில் முண்டியடிக்கும் கூட்டத்தை வரிசையில் நிறுத்துவதுபோல, முதலில் துடிப்பை இழுத்து நீட்டுகிறோம். பிறகு பெருக்கி, கடைசியில் மறுபடி ஒடுக்குகிறோம். ஒடுக்குவது கிரேட்டிங் என்ற தட்டு. கண்ணுக்குத் தெரியாத கோடுகள் நெருக்கமாகக் கீறியது. எங்களிடம் மாற்றுத் தட்டு இல்லை. அது போனால் என் ஆராய்ச்சியும் போச்சு.

மறுநாள் லேசரின் வலுவைக் கூட்டியதும், வெளியே வந்த ஒளியின் நடுவில் ஓட்டை விழுந்திருந்தது. லேசரை நிறுத்தி டோர்ச்சைச் சாய்த்துப் பார்த்தேன். தட்டில் மிளகளவு கறுப்புப் பொட்டு. விளக்கின் எண்ணெய்ப்புகை படிந்து, அதன்மேல் லேசர் பட்டு எரிந்திருக்கிறது. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. யாரைத் திட்டுவது, நல்ல சகுனத்தையா?

என்னோடு ஆராய்ச்சி செய்யும் மடவளைத் தோழி எட்டிப் பார்த்தாள்.

“தொடாத! தொடச்சா கோடெல்லாம் போயிரும்” என்று கத்தினேன்.

“தொடல்ல புள்ள. இந்த ஓரம் நேத்து மூடிக்குக் கீழதானே இருந்த? தட்டக் கொஞ்சம் நகத்திப் பாப்பம்.”

ஓரத்திலும் புகை படிந்திருந்தால் அதுவும் எரியும். பிறகு வழியே இல்லை. அதற்காகச் சும்மா இருக்கவும் முடியவில்லை. தட்டை நகர்த்தி, ஒளியை ஓரத்தில் விழவிட்டு, மெல்ல மெல்ல வலுவைக் கூட்டினாள். வெளிவந்த ஒளியை நிறமற்ற ஒரு சஃபையர் படிகத் துண்டுக்குள் குவித்தேன். துடிப்பு நன்றாக ஒடுங்கியிருந்தால், மங்கிய சிவப்பாய் உள்ளே போவது வெள்ளையாய் வெளியே வரவேண்டும்.

பின்னால் பிடித்த அட்டையில் வந்தது. வெள்ளை வட்டம், அதைச் சுற்றி வானவில்.

“அல்ஹம்துலில்லாஹ்! இப்ப வேலயத் தொடங்குவமா?”

“கொஞ்சம் இரு.”

ஆராய்ச்சி பிழைத்தது என்று சந்தோஷப்படக்கூட எனக்கு நேரமில்லை. ஏன் இப்படி ஆகிறதென்று பாடத்தில் படித்தவள்தான். ஆனாலும் அந்தச் சிவப்புக்குள் பச்சையும் நீலமும் எங்கேதான் இருந்தன என்று அட்டையையே பார்த்துக்கொண்டு நின்றேன்.