சிவப்பு தெரியுதா?

விளக்கம்மா என்றால் அந்தத் தெருவில் பச்சைக் குழந்தைக்கும் தெரியும். ரிமோட்டில் ஓடுகிற பொம்மைக் கார்களுக்கு விளக்கு வைத்துக் கொடுப்பவள். சும்மா எரிகிற விளக்கு என்று சொல்லிவிடாதீர்கள், அவளுக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்துவிடும். திரும்பினால் அந்தப் பக்கம் மஞ்சள் சிமிட்டும், பின்னால் போனால் வெள்ளை, பிரேக் பிடித்தால் சிவப்பு, எல்லாம் தானாக. கடுகு அளவு விளக்குகள், முடி மாதிரி ஒயர், ரிமோட்டிலிருந்து மோட்டாருக்குப் போகும் கட்டளையைக் கூடவே ஒட்டுக்கேட்க நகத்தளவு சர்க்யூட் பலகை ஒன்று. பொம்மைக்கு எதற்கு இத்தனை அமர்க்களம் என்று யாராவது கேட்டால், "இதை வச்சு விளையாடுறவங்கள்ல பாதிப் பேருக்கு மீசை நரைச்சிருக்குங்க" என்பாள்.

அவள் புருஷன் பஸ் ஓட்டியவர். தெருவுக்கு இன்றும் டிரைவர்தான், ஓட்டுவதுதான் நின்றுபோயிற்று. கண்ணுக்குள் அழுத்தம் கூடி, பார்வை ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கருகிக்கொண்டு வந்திருக்கிறது. மனுஷன் அதை வாய் திறந்து சொல்வதற்குள் ஒரு கண் போயே போய்விட்டது. கண் டாக்டர் ஒளிவு மறைவில்லாமல் சொன்னார்: "போனது திரும்ப வராதும்மா. இருக்கிற கண்ணைக் காப்பாத்தலாம். சொட்டு மருந்தை விட்டுடாதீங்க. கொஞ்சம் மங்குற மாதிரி இருந்தாலும் அன்னைக்கே கூட்டிட்டு வாங்க, ஆபரேஷன் பண்ணி நிறுத்திடலாம். தள்ளிப்போட்டா அப்புறம் யாராலயும் ஒண்ணும் பண்ண முடியாது."

மங்குவதை எப்படிக் கண்டுபிடிப்பது? அதற்கும் அவளே ஒரு வழி வைத்தாள். அவள் வேலை மேஜை நடையின் ஒரு முனையில் இருந்தது. பக்கத்தில் நாற்காலி போட்டு அவரை உட்கார வைத்தாள். வேலை முடிந்த ஒவ்வொரு காரையும் நடையில் வாசல்வரை ஓட்டி, அங்கே பிரேக் பிடிப்பாள். பின்விளக்கு எரிகிறதா என்று அவர் பார்த்துச் சொல்லவேண்டும். வண்டிக்கும் சோதனை, கண்ணுக்கும் சோதனை.

"ரைட்டு, போலாம்!" என்று அவர் குரல் கொடுப்பார். வண்டி கிளம்பும். கடைசியில், "சிவப்பு!"

"டிரைவர் வேலை போய் கண்டக்டர் ஆயாச்சா?"

"ஆமா, ரெண்டுக்கும் சேத்து ஒரு டீதானே தர்றே."

அவள் சிரிப்பாள். ஆனால் அவர் "சிவப்பு" என்று சொல்லும்வரை அவளுக்கு உயிர் தொண்டைக்குழியில் நிற்கும். வண்டியை அவள் பார்க்கவே மாட்டாள், அவர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பாள். சொன்னதும் நெஞ்சுக்கூட்டிலிருந்து நீளமாய் ஒரு மூச்சு இறங்கும். அப்புறம்தான் அடுத்த வேலை.

ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டிய நாள் வந்தது. "எல்லாம்தான் தெரியுதே, எதுக்கு அவ்வளவு தூரம் அலையணும்?" என்றார் டிரைவர். அன்று காலையிலும் அவர் சிவப்பு சொல்லியிருந்தார். சரி, அடுத்த தடவை பார்க்கலாம் என்று இவளும் விட்டுவிட்டாள். டம்ளரைத் தடவி எடுப்பார், விளக்குப் போடாமல் குளிப்பார், கேட்டால் கரண்ட் மிச்சம் என்பார். கெட்டிக்காரிதான், ஊர் வண்டிக்கெல்லாம் பழுது கண்டுபிடிக்கிறவள்தான், சொந்த வீட்டில் வெளுத்ததெல்லாம் பால் என்று நம்பிவிட்டாள்.

அதற்குச் சில வாரம் கழித்து ஒரு நாள் மருந்துக்கடைக்காரரின் பச்சைக் கார் முடிந்திருந்தது. நடையில் விட்டாள். வாசலருகே அது எதிலோ இடித்தது மாதிரி ஒரு சத்தம் கேட்டதால் தற்செயலாகத் திரும்பிப் பார்த்தாள். கார் சரியாகத்தான் நின்றிருந்தது. பின்னால் சிவப்பு எரியவில்லை. விளக்கு ஒயரைப் பற்றவைத்த ஈயம் சரியாகப் பிடிக்கவில்லை போல என்று நினைத்து அவள் வாயைத் திறப்பதற்குள் பக்கத்திலிருந்து குரல் வந்தது.

"சிவப்பு! ஜோரா எரியுது!"

அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. எழுந்து போய்க் காரை எடுத்துவந்து, அந்த ஒயரை மறுபடி பற்றவைத்தாள். பிறகு மோட்டாருக்குப் போகும் இரண்டு ஒயரையும் பிடுங்கினாள். இனி விளக்குகள் எரியும், சக்கரம் ஓடாது, சத்தமும் வராது. காரை மேஜை ஓரத்தில், அவர் முகத்துக்கு ஒரு முழம் முன்னால், பின்பக்கம் அவரைப் பார்க்க வைத்தாள்.

"விடவா?"

"ரைட்டு, போலாம்!"

ரிமோட்டை அழுத்தி, பிரேக் பிடிக்கிற மாதிரி விட்டாள். சிவப்பு பளீரென்று எரிந்தது. அவர் கன்னத்தில், மூக்கில், திறந்திருந்த இரண்டு கண்ணிலும் அந்தச் சிவப்பு விழுந்தது. அவர் தலையைக் கொஞ்சம் சாய்த்து, காதை நடைப்பக்கம் வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

"என்னம்மா, வண்டியை எடுக்கவே இல்லையே?"

"எடுத்துட்டேங்க. உங்க மூஞ்சிக்கு முன்னாடிதான் நிக்குது. எரியுது."

அவர் கையை நீட்டினார். விரல் காரில் இடித்தது. கூரையைத் தடவி, பின்பக்கம் வந்து, விளக்குமேல் நின்றது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த மனுஷன், தலை குனிந்துகொண்டார்.

"எத்தனை நாளா?"

"முதல்ல மங்கலாத்தான் தெரிஞ்சுது. அப்புறம் காதாலயே சொல்ல ஆரம்பிச்சேன். மோட்டார் சத்தம் இறங்கினா பிரேக்கு. பிரேக் பிடிச்சா உன் விளக்கு எரியாம இருக்காது. உன் வேலை மேல அவ்வளவு நம்பிக்கை."

"ஐயோ, பாவி மனுஷா! ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? என்கிட்ட சொல்றதுக்கு என்ன?"

"சிவப்புன்னு சொன்னதும் நீ ஒரு மூச்சு விடுவியே... அதைக் கேட்டப்புறம் எப்படிம்மா இல்லைன்னு சொல்றது? நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம்னே போயிடுச்சு."

அவள் மேஜையில் தலையை மோதிக்கொண்டு அழுதாள். அவருக்கு எந்தப் பக்கம் கையை நீட்டி அவளைத் தொடுவது என்று தெரியவில்லை.

மறுநாள் ஆஸ்பத்திரியில் டாக்டர் அறைக் கதவைச் சாத்தி, டார்ச்சை அவர் கண்ணுக்கு நேராகப் பிடித்தார். "வெளிச்சம் தெரியுதா?" டார்ச்சுக்கு ஏது சத்தம்? டிரைவர் தலையைச் சாய்த்துப் பார்த்தார். மனைவி மூச்சை அடக்கிக்கொண்டு நின்றாள்.

"தெரியல டாக்டர்."

டாக்டர் இரண்டு கண்ணையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். பழைய சீட்டைப் புரட்டினார். பிறகு அவள்மேல் எரிந்து விழுந்தார். "அன்னைக்கே வாங்கன்னு சொன்னேனே! போன தடவை வந்திருந்தாக்கூட மிச்சத்தைப் பிடிச்சு நிறுத்தியிருக்கலாம். வீட்டுல ஒருத்தர்கூடக் கவனிக்கலையாம்மா?"

"கவனிச்சேன் டாக்டர்," என்றாள் விளக்கம்மா. "தினமும் நானே விளக்குப் போட்டுப் போட்டுத்தான் பார்த்தேன்."